கிட்னி பாதித்த குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா?

உங்கள் மகளுக்கு நான்கு வயது. பிறவியிலேயே இரண்டு சிறுநீரகமும் சிறியவை, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் ரத்த அளவு) 2.4, இன்னும் சில வருடத்தில் மாற்று சிறுநீரகம் வைக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒன்றரை வயது ஊசிக்குக் கூட்டிப் போனபோது, "கிட்னி பிரச்சனை இருக்கிற பிள்ளைக்கு நான் போட மாட்டேன், பெரிய டாக்டரைக் கேட்டுட்டு வாங்க" என்று ஊர் நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார். பெரிய டாக்டரிடம் போனால் ரத்த ரிப்போர்ட் பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. இப்படியே ஒன்பதாம் மாத ஊசியோடு எல்லாம் நின்றுவிட்டது. இப்போது போடலாமா, போட்டால் இருக்கிற கிட்னியும் கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். சீக்கிரம் போடுங்கள், அடுத்த ரிவ்யூவிலேயே இந்தப் பேச்சை எடுங்கள். தடுப்பூசியால் கிட்னி கெடாது. மற்ற குழந்தைகளுக்குப் போடும் அத்தனை ஊசியும் உங்கள் மகளுக்கும் வேண்டும், அதற்கு மேலும் சில வேண்டும். குழந்தைகள் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கதை புதிதே இல்லை. ஊசி போடுகிறவர் கிட்னி டாக்டர் சொல்லட்டும் என்கிறார், கிட்னி டாக்டர் அதெல்லாம் ஊரில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார், நடுவில் பிள்ளையின் கார்டு இரண்டு மூன்று வருடம் காலியாகக் கிடக்கிறது. யார் மேலும் பெரிய குற்றம் இல்லை, ஆனால் நஷ்டம் பிள்ளைக்கு. அதனால் இதைக் கேட்டு வாங்க வேண்டிய வேலை உங்களுடையதாக ஆகிவிடுகிறது.

ஏன் இந்தப் பிள்ளைகளுக்கு அதிக அவசரம் என்றால், சிறுநீரகம் வேலை செய்யாமல் ரத்தத்தில் கழிவு சேரச் சேர உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் மந்தமாகிறது. ஊசி போட்டால் எல்லோருக்கும் உண்டாகிற எதிர்ப்புப் புரதம் இவர்களுக்குக் கொஞ்சம் குறைவாக உண்டாகும், உண்டானதும் சீக்கிரம் வடிந்துவிடும். நோய் முற்ற முற்ற ஊசி பிடிப்பது கஷ்டம். ஆகவே கிரியேட்டினின் 2.4 இருக்கும்போது போடுகிற ஊசி, டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு போடுகிற ஊசியை விட நன்றாக வேலை செய்யும். நிலைமை கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் போடலாம் என்று பெற்றோர் காத்திருக்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிரானது.

இன்னொரு காரணம் இதை விடப் பெரியது. தடுப்பூசிகளில் இரண்டு வகை உண்டு. கிருமியைக் கொன்றோ அதன் ஒரு துண்டை மட்டும் எடுத்தோ செய்வது ஒரு வகை: முத்தடுப்பு (டிபிடி), ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட், மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி), நிமோனியா ஊசி, ஃப்ளூ ஊசி, ஊசியாகப் போடும் போலியோ எல்லாம் இதில் சேரும். இவற்றை எந்த நிலையிலும் போடலாம்: டயாலிசிஸில் இருந்தாலும், ஸ்டீராய்டு எடுத்தாலும், மாற்று சிறுநீரகம் வைத்துச் சில மாதம் கழித்தும். இரண்டாவது வகை லைவ் ஊசி, அதாவது உயிருள்ள கிருமியின் வீரியத்தைக் குறைத்துச் செய்வது. தட்டம்மை-ரூபெல்லா (எம்ஆர்), அதோடு பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர், சின்னம்மை, காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு மருந்து இந்த வகை. மாற்று சிறுநீரகம் வைத்தபின் உடம்பு அதை ஒதுக்காமல் இருக்க ஆயுள் முழுக்க மருந்து கொடுப்பார்கள், எதிர்ப்புச் சக்தியை அமுக்குவதுதான் அந்த மருந்தின் வேலையே. அந்த நிலையில் வீரியம் குறைத்த கிருமிகூட நோயாக மாறிவிடலாம் என்பதால் லைவ் ஊசி பொதுவாகப் போடுவதில்லை. ஆக சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் உங்களுக்கு இருக்கும் காலம் இப்போதிலிருந்து ஆபரேஷன் வரைதான். அதுவும் கடைசி லைவ் ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும். அம்மாவோ பாட்டியோ சிறுநீரகம் கொடுப்பதாக இருந்தால் தேதியைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்காக டிரான்ஸ்டான் (தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில் பதிந்துவிட்டால் எந்த ராத்திரி போன் வரும் என்று யாருக்கும் தெரியாது, லைவ் ஊசி போட்ட வாரத்திலேயே அழைப்பு வந்தால் சங்கடம். பதிவதற்கு முன்பே முடித்துவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மாற்று சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு பையன் சின்னம்மையோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அண்ணனுக்கு முதலில் வந்திருக்கிறது, சாதாரண அம்மைதானே என்று விட்டுவிட்டார்கள். இவனுக்குக் கொப்புளம் உடம்பெல்லாம் நெருக்கமாக வந்து, நுரையீரலிலும் இறங்கி, ஆக்சிஜன் வைத்து, நரம்பு வழியாக ஏசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை ஏற்ற வேண்டியிருந்தது. அந்த மருந்தும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும் என்பதால் ஒவ்வொரு வேளையும் அளவைக் கணக்குப் போட்டுத்தான் கொடுத்தார்கள். பிழைத்துவிட்டான். ஆனால் அவன் கார்டில் சின்னம்மை ஊசி இல்லை. அரசு அட்டவணையில் அந்த ஊசி கிடையாது, தனியாரில்தான் போட வேண்டும், யாரும் அவன் பெற்றோரிடம் அதைச் சொல்லவே இல்லை.

சரி, உங்கள் மகளுக்கு என்னென்ன பாக்கி என்று பார்ப்போம். ஒன்பதாம் மாதம் வரை போட்டிருக்கிறீர்கள் என்றால் பிசிஜி, பென்டாவேலன்ட் மூன்று தவணை, முதல் தட்டம்மை-ரூபெல்லா எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அந்தக் கார்டைத் தேடி எடுங்கள். ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்திருப்பீர்கள், மடிப்பில் கிழிந்திருந்தாலும் தேதி தெரிந்தால் போதும். நிமோனியா ஊசி (பிசிவி என்று எழுதியிருக்கும்) போட்டிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், தமிழ்நாட்டில் அது 2021-ல்தான் அரசுத் திட்டத்தில் வந்தது, அந்தச் சமயத்தில் பிறந்த சில குழந்தைகளுக்கு விட்டுப்போயிருக்கும். விட்டுப்போன தவணைக்காக முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, நிறுத்திய இடத்திலிருந்து தொடரலாம். இரண்டாவது தட்டம்மை-ரூபெல்லா ஐந்து வயது வரைக்கும், டிபிடி பூஸ்டர் ஏழு வயது வரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். நான்கு வயதில் கேட்பதால் நேரம் இருக்கிறது, ஆனால் இன்னொரு வருடம் தள்ளாதீர்கள்.

சின்னம்மை ஊசி இரண்டு தவணை. சாதாரணமாக மூன்று மாத இடைவெளி விடுவார்கள், ஆபரேஷன் நெருங்கினால் நான்கு வாரத்திலேயே அடுத்ததைப் போடலாம். தட்டம்மைக்கு அரசில் கொடுப்பது எம்ஆர், அதில் பொன்னுக்கு வீங்கிக்கு மருந்து இல்லை, வசதி இருந்தால் தனியாரில் எம்எம்ஆர் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு லைவ் ஊசிகளை ஒன்று ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் விட்டுப் போட வேண்டும், இடையில் போடக்கூடாது. மற்ற ஊசிகளுக்கு இந்தக் கணக்கு இல்லை, எதோடும் சேர்த்துப் போடலாம். மாற்று சிறுநீரகத்துக்கு முன் சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் எதிர்ப்பு உண்டாகியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள், பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு விஷயம், பலரும் தவறவிடுவது. ரத்தசோகைக்காக உங்கள் மகளுக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா? ஏற்றியிருந்தால், கொடுத்தவரின் எதிர்ப்புப் புரதம் அந்த ரத்தத்தில் வந்து லைவ் ஊசியை வேலை செய்ய விடாமல் அடக்கிவிடும். எந்த வகை ரத்தம் என்பதைப் பொறுத்து மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டும், இம்யூனோகுளோபுலின் (செறிவாக்கிய எதிர்ப்புப் புரதம்) ஏற்றியிருந்தால் எட்டு மாதமோ அதற்கு மேலோ. டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதி இருக்கும், அதையும் கையில் கொண்டுபோங்கள். அதேபோல காசநோய்க்கான மான்டூ சோதனை செய்ய வேண்டியிருந்தால், தட்டம்மை ஊசிக்கு முன்போ அதே நாளிலோ செய்துவிடுங்கள், ஊசி போட்ட பிறகு என்றால் நான்கு வாரம் கழித்துத்தான், இல்லையென்றால் இருக்கிற காசநோய்கூட இல்லை என்று காட்டிவிடலாம்.

அடுத்து மஞ்சள் காமாலை பி. குழந்தையாக இருந்தபோதே போட்டாச்சே என்பீர்கள். போட்டது நிற்கிறதா என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது. டயாலிசிஸில் ரத்தம் உடம்பை விட்டு வெளியே போய்த் திரும்ப வருகிறது. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு டயாலிசிஸ் யூனிட்டில் தனி மெஷினே ஒதுக்கி வைப்பார்கள், அந்த அளவுக்கு எளிதில் பரவக்கூடியது. ஆன்டி-ஹெச்பிஎஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதில் அளவு 10-க்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு இல்லை என்று அர்த்தம், மறுபடி ஊசி போட வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்கு மருந்து போடுவது உண்டு, எத்தனை தவணை, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். போட்டு முடித்து ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பவும் ரத்தம் பார்க்க வேண்டும், டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு வருடம் ஒருமுறை. இந்தப் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊசி போட்டாச்சு என்று கார்டில் இருக்கும், உடம்பில் ஒன்றும் இருக்காது, அப்படி நிறையப் பிள்ளைகளைப் பார்க்கிறோம்.

நிமோனியா ஊசி இரண்டு விதம். சிறு குழந்தைகளுக்குப் போடும் பிசிவியை முடித்து எட்டு வாரம் கழித்து, இரண்டு வயதுக்கு மேல் ஆனவர்களுக்கு 23 வகைக் கிருமிக்கான இன்னொரு ஊசி உண்டு, சிறுநீரக நோயுள்ள குழந்தைக்கு அது தேவை, ஐந்து வருடம் கழித்து இன்னொரு முறை. ஃப்ளூ ஊசி வருடா வருடம், முதல் வருடம் மட்டும் ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை. மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து லைவ் வகை, அது வேண்டாம், ஊசியாகத்தான் கேளுங்கள். டைபாய்டு கான்ஜுகேட் ஊசி போடலாம். மஞ்சள் காமாலை ஏ ஊசி கடையில் லைவ், லைவ் அல்லாதது இரண்டும் கிடைக்கிறது, சும்மா 'ஹெபடைடிஸ் ஏ கொடுங்க' என்று கேட்டால் எதைக் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது, பெட்டியைப் பார்த்து லைவ் அல்லாததை வாங்குங்கள். ஒன்பது வயது தாண்டியபின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி ஊசி.

இந்தப் பட்டியல் முழுவதும் இலவசமாகக் கிடைக்காது, சின்னம்மையும் 23 வகை நிமோனியா ஊசியும் ஃப்ளூவும் கைக்காசு போட்டு வாங்க வேண்டியவை, மாதா மாதம் மருந்துச் செலவு ஓடும் வீட்டில் இது பெரிய பாரம் என்று தெரியும். எல்லாம் ஒரே மாதத்தில் முடியாது என்றால் என் வரிசை இதுதான்: அரசில் இலவசமாகக் கிடைப்பதை இந்த வாரமே, காசு கொடுத்து வாங்குவதில் முதலில் சின்னம்மை, பிறகு நிமோனியா, ஃப்ளூ. சின்னம்மையை முன்னால் வைப்பதற்குக் காரணம், மற்றவற்றைப் பிறகும் போட முடியும், இதை முடியாது.

கிட்னி கெட்டுவிடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். சில ஊசிகளில் அலுமினிய உப்பு இருக்கிறது, கிட்னி நோயாளிக்கு அலுமினியம் ஆகாது என்று படித்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். அலுமினியம் சேருவது உண்மைதான், அது அலுமினியம் கலந்த வயிற்று மருந்தை மாதக்கணக்கில் குடிப்பதாலும், சரியாகச் சுத்திகரிக்காத டயாலிசிஸ் தண்ணீராலும் வருவது. ஊசி ஒன்றில் இருப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஊசி போட்ட பிறகு கிரியேட்டினின் ஏறியது என்று சொல்பவர்களை விசாரித்தால் பெரும்பாலும் காய்ச்சலில் பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கும், அல்லது காய்ச்சலுக்குத் தவறான மருந்து கொடுத்திருப்பார்கள். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சல் வரலாம், தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்துக்கூட வரலாம். பாராசிட்டமால் மட்டும், எடைக்கு ஏற்ற அளவில். இபுபுரூஃபன், மெஃபினமிக் ஆசிட் இரண்டும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை, கூடவே கூடாது. மருந்துக் கடையில் 'குழந்தைக்குக் காய்ச்சல்' என்றால் பாராசிட்டமாலோடு இவற்றில் ஒன்று கலந்த சிரப்பைக் கொடுத்துவிடுவார்கள், வாங்கின பாட்டிலின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். உங்கள் மகளைப் போலப் பிறவியில் சிறுநீரகம் சிறியதாக உள்ள பிள்ளைகள் நிறைய சிறுநீர் போவார்கள், தண்ணீர் குறைந்தால் உடனே வாடிவிடுவார்கள், காய்ச்சல் நாட்களில் கணக்குப் பார்த்துக் குடிக்கக் கொடுங்கள். வாந்தியும் சேர்ந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள், எனலாபிரில் மாதிரி ரத்த அழுத்த மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லக்கூடும்.

மற்றபடி இரும்புச்சத்து, சோடா மாத்திரை, கால்சியம், ரத்தசோகைக்கான எரித்ரோபாய்டின் ஊசி எதுவும் தடுப்பூசிக்குத் தடை இல்லை. ரத்தம் எடுப்பதும் ஊசி போடுவதும் ஒரே நாளில் நடக்கலாம். பிற்பாடு டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்துலா (ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்யும் வழி) வைத்தால் அந்தக் கையில் மட்டும் எந்த ஊசியும் போட விடாதீர்கள்.

இதைப் படிப்பவர்களில் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் பிள்ளைகளின் பெற்றோர் நிச்சயம் இருப்பார்கள், அவர்களுக்குக் கணக்கு வேறு. நோய் திரும்ப வரும்போதெல்லாம் சிறுநீரில் புரதம் போகிறது, கூடவே எதிர்ப்புப் புரதமும் போகிறது, நிமோகாக்கஸ் கிருமி வயிற்று நீரில் இறங்கிச் சீழ் பிடிப்பது இவர்களுக்குத்தான் அதிகம். லைவ் அல்லாத எந்த ஊசியையும் தயங்காமல் போடலாம். லைவ் ஊசிக்கு ஸ்டீராய்டு அளவு குறைய வேண்டும்: பிரெட்னிசலோன் தினமும் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே (மொத்தம் 20-க்குக் கீழே), அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் கிலோவுக்கு 2-க்குக் கீழே (மொத்தம் 40-க்குக் கீழே) வரும் வரை பொறுக்க வேண்டும் என்பது கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் வழிகாட்டுதல். இந்த நோய்க்குக் கொடுக்கும் மற்ற மருந்துகளில், சைக்ளோஃபாஸ்ஃபமைடு முடித்து மூன்று மாதம், டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், லெவாமிசோல் நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும், ரிடுக்சிமாப் என்றால் இன்னும் நீளம். ஊசி போட்டால் நோய் திரும்பிவிடும் என்று ஊசியே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள், சாதாரணச் சளிக் காய்ச்சலே இவர்களுக்கு நோயைத் திரும்பக் கொண்டுவரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எப்படியும் தினமும் காலையில் டியூபில் சிறுநீர் எடுத்து, சல்ஃபோசாலிசிலிக் ஆசிட் சொட்டு விட்டு, வெள்ளையாகக் கலங்குகிறதா என்று பார்த்து நோட்டில் குறிக்கிறீர்கள், ஊசி போட்ட தேதியையும் அதே நோட்டில் எழுதிவிட்டு வழக்கம்போலப் பார்த்துவாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் வந்தால் டாக்டரிடம் போங்கள்.

வீட்டில் உள்ளவர்களும் இதில் சேர்த்திதான். தம்பி தங்கைக்குத் தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் போடுங்கள், அதனால் இந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்புதான், ஊசி போட்ட தம்பிக்குக் கொப்புளம் வந்தால் மட்டும் அது காயும் வரை தள்ளி வையுங்கள். ஃப்ளூ ஊசி அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோருக்கும். போலியோ சொட்டு மருந்து மட்டும் விதிவிலக்கு. உங்கள் மகள் எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மருந்தில் இல்லாத வரை சொட்டு மருந்தால் பிரச்சனை இல்லை. மாற்று சிறுநீரகம் வைத்தபின், அல்லது அப்படிப்பட்ட மருந்து எடுக்கும்போது, அவளுக்கும் கூடாது, அதே வீட்டில் இருக்கும் சின்னக் குழந்தைக்கும் சொட்டுக்குப் பதில் ஊசிப் போலியோ போடுவதுதான் சரி, சொட்டு குடித்த குழந்தையின் மலத்தில் அந்தக் கிருமி சில வாரம் வெளியேறும். போலியோ ஞாயிற்றுக்கிழமையில் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி வாயில் விட்டு விரலில் மை வைத்துவிடுவார்கள், மறுநாள் வீடு தேடியும் வருவார்கள், அவர்களிடம் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள், டாக்டர் சீட்டைக் காட்டினால் பிரச்சனை வராது.

பங்குனி, சித்திரையில் தெருவில் அம்மை வரும். அம்மை போட்ட வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்ற வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. வேப்பிலை கட்டுங்கள், அம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டீராய்டிலோ மாற்று சிறுநீரகத்திலோ இருக்கும் பிள்ளை, சின்னம்மை உள்ள ஒருவரோடு ஒரே அறையில் இருந்திருந்தால் அன்றே போன் செய்யுங்கள், தனக்குக் கொப்புளம் வரட்டும் என்று பார்க்காதீர்கள். முன்பு அம்மை வராத, ஊசியும் போடாத பிள்ளை என்றால் நான்கு நாளுக்குள், தாமதமானாலும் பத்து நாளுக்குள், எதிர்ப்புப் புரத ஊசி கொடுக்கலாம், அது கிடைக்காவிட்டால் ஏழாம் நாளிலிருந்து ஏசைக்ளோவிர் ஆரம்பிப்பார்கள்.

ஊர் நர்ஸ் மறுத்ததற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. அடுத்த ரிவ்யூவில் டாக்டர் கூப்பிடும்போது ரத்த ரிப்போர்ட்டுக்கு மேலே தடுப்பூசிக் கார்டை வைத்துக் கொடுங்கள். 'இந்தக் குழந்தைக்கு இரண்டாவது எம்ஆர், டிபிடி பூஸ்டர், போலியோ போடலாம்' என்று லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதி, சீல் வைத்து வாங்குங்கள். புதன்கிழமை அதைக் கொண்டுபோனால் போட்டுவிடுவார்கள், அவர்களுக்கும் கையில் ஒரு காகிதம் இருந்தால்தான் தைரியம். அதே சந்திப்பில் ஆன்டி-ஹெச்பிஎஸ் பரிசோதனைக்கும் எழுதி வாங்கிவிடுங்கள், வழக்கமாக எடுக்கும் ரத்தத்தோடு சேர்த்தே அனுப்பலாம், குழந்தைக்கு இன்னொரு குத்து தேவைப்படாது.